மணி அடித்தால் பிளந்த முடியா? ‘நுனி வேட்டை’ கருவி குறித்த நிகழ்வு ஆய்வு

முடி நுனி வெடிப்புக்கு ஒரு கருவி செய்திருப்பதாகவும், அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டவர் என் தோழியின் தங்கை. எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். இடுப்புவரை முடி. பழைய பொம்மைகளைப் பிரித்து வேறு ஏதாவது செய்துகொண்டே இருப்பவர். நான் இழைகளைச் சோதிக்கும் கூடத்தில் வேலை பார்ப்பவள். நூலோ முடியோ, எதைக் கொடுத்தாலும் இழுத்து, முறுக்கி, தேய்த்து, அது எங்கே எப்படி அறுகிறது என்று பார்ப்பது எங்கள் தொழில். விளையாட்டுக் கருவிக்கு இவ்வளவு சோதனை தேவையா என்று கேட்கலாம். ஆனால் இந்த விளையாட்டுக்குள் நுனி வெடிப்பின் மொத்தக் கதையும் இருந்தது. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

கருவி

‘நுனி வேட்டை’ என்று அவரே பெயர் வைத்திருந்தார். ஒரு ஷூ பெட்டி. உள்ளே சிதறும் ஒளி திரும்பி வராதபடி நாலு பக்கமும் கறுப்புத் துணி ஒட்டியிருந்தது. பென்சில் தடிமனுக்கு ஒரு கற்றை முடியைப் பிரித்து, பக்கவாட்டுத் துளை வழியாக உள்ளே விட்டு, கடைசி முனையை ரப்பர் வைத்த கிளிப்பில் மாட்ட வேண்டும். பொம்மைக் காரிலிருந்து கழற்றிய மோட்டார் அந்தக் கிளிப்பைச் சுழற்றும். கற்றை கயிறு மாதிரி முறுக்கிக்கொள்ளும். முறுக்க முறுக்க, கற்றைக்குள் ஒளிந்திருந்த நுனிகள் ஒவ்வொன்றாக வெளியே சிலிர்த்துக்கொண்டு நிற்கும். முடி வெட்டுபவர்கள் கையாலேயே செய்கிற உத்திதான் இது. நீளத்தைக் குறைக்காமல், நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளை மட்டும் கத்தரிப்பார்கள்.

இதற்கு மேல்தான் வேடிக்கை. பழைய கம்ப்யூட்டரின் சின்ன விசிறி ஒன்று அந்த நுனிகளை ஆட வைக்கும். கற்றையை ஒட்டியே ஒரு மெல்லிய லேசர் கோடு ஓடுகிறது. எதிர்ப்பக்கத்தில் ஒளி உணரி. ஆடுகிற நுனி கோட்டின் குறுக்கே வந்தால் ஒளி மினுங்கும். மினுங்கினால் ஒரு பித்தளை மணி ‘டிங்’ என்று அடிக்கும். உடனே பொம்மை ரயில் தண்டவாளத்தில் ஒரு பெட்டி தடதடவென்று கிளம்பி வரும். அந்தப் பெட்டியில் பயணி, மூக்கு முடி வெட்டும் ட்ரிம்மரின் தலை. நுனியை நறுக்கிவிட்டு ரயில் திரும்பப் போய் நிற்கும்.

முதல் தடவை பார்த்தபோது சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ரயிலுக்கு விசில் சத்தம்கூட இருந்தது. சிரித்து முடித்த பிறகு நான் சொன்ன முதல் வேலை, லேசரின் முன்னும் பின்னும் அட்டைத் தடுப்பு வைப்பது. தலைக்குப் பக்கத்தில் லேசர் என்றால் கண்ணுக்குப் பக்கத்தில் லேசர் என்றுதான் அர்த்தம்.

இந்த மாதிரிக் கருவிகளுக்கு ஒரு மரபே உண்டு. ஜப்பானில் கென்ஜி கவகாமி என்பவர் ‘சிந்தோகு’ என்று ஒரு கலையைப் பரப்பினார். அன்றாடத் தொல்லை ஒன்றைத் தீர்க்கிற, ஆனால் யாரும் வெட்கப்படாமல் பயன்படுத்த முடியாத கருவிகள். அதற்குப் பத்து விதிகள். கருவி படமாக இருந்தால் போதாது, உண்மையில் செய்யப்பட்டிருக்க வேண்டும். விற்கக் கூடாது. காப்புரிமை எடுக்கக் கூடாது. சிரிப்பு மட்டுமே நோக்கமாகவும் இருக்கக் கூடாது. நுனி வேட்டையை உருவாக்கியவர் இதை மனதில் வைத்துத்தான் ஆரம்பித்தார். நடுவில் எங்கேயோ, நிஜமாகவே வேலை செய்துவிடுமோ என்ற ஆசை வந்துவிட்டது.

முடி ஏன் நீளவாக்கில் பிளக்கிறது

முடியின் தடிமன் ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டரிலிருந்து 0.1 மில்லிமீட்டர் வரை. வெளியே, ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த செதில்கள். வேர்ப்பக்கத்தில் இந்தச் செதில் அடுக்குகள் 5 முதல் 10 வரை இருக்கும். உள்ளே, கெரட்டின் புரதத்தால் ஆன, நீளவாக்கில் அடுக்கிய, நடு தடித்து இரு முனையும் கூம்பிய செல்கள். முடியின் பலம் பெரும்பாலும் இந்த உள்பகுதியில்தான். ஆனால் அந்தப் பலம் ஒரு திசைக்கு மட்டும். இழுத்தால் தாங்கும், பக்கத்துப் பக்கத்துச் செல்கள் ஒன்றையொன்று உரசி நழுவும்படி வளைத்தால் நடுவில் விட்டுக்கொடுக்கும். நனைந்த முடி தடிமனில் 15 சதவீதம் அளவுக்கு ஊதும், நீளத்திலோ ஓரிரு சதவீதத்துக்கு மேல் கூடாது என்பதே உள்ளே எல்லாம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைக் காட்டிவிடும்.

மேலே செதில்கள் இருக்கும்வரை இது பிரச்சினை இல்லை. முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்கிறது. இடுப்புவரை 60 சென்டிமீட்டர் முடி இருந்தால், அதன் நுனி 5 வயது பழசு. 5 வருடமாகச் சீப்பு, துண்டு, தலையணை, வெயில், ஷாம்பு எல்லாவற்றையும் பார்த்த நுனி. அங்கே செதில்கள் பெரும்பாலும் தேய்ந்துபோயிருக்கும். ப்ளீச் செய்திருந்தாலோ, ஈரமான முடியில் சூடான ஸ்ட்ரெய்ட்னரை வைத்திருந்தாலோ இன்னும் சீக்கிரமே போய்விடும். முடியில் உயிருள்ள செல் கிடையாது. தேய்ந்த இடம் தானாக ஆறாது. செதில் போன இடத்தில் உள்பகுதி மூங்கில் மாதிரி பிளக்கும்.

ஒட்டவைக்க முடியாதா? முடியும், கொஞ்ச நாளைக்கு. நேர்மின்னூட்டமும் எதிர்மின்னூட்டமும் கொண்ட இரண்டு பாலிமர்களை (நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளை) சேர்த்த கலவைகள் பிளவுக்குள் புகுந்து, காயும்போது இரு பக்கத்தையும் இழுத்துப் பிடிக்கும். அடுத்தடுத்து அலசும்போது விட்டுவிடும். பிளந்த முடிக்கு நிரந்தர மருந்து கத்தரிக்கோல்தான். இதை ஏற்க மனம் வராமல்தான் மனிதர்கள் விதவிதமாக முயன்றிருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா, அமெரிக்கா பக்கம் முடியை வெட்டியபின் நுனியைச் சுட்டு விடுவார்கள். முடி ஒரு குழாய், வெட்டினால் சத்து ஒழுகிவிடும், சுட்டால் வாய் அடைபடும் என்று நம்பிக்கை. முடிக்குள் ஒழுகுவதற்கு எதுவும் கிடையாது. இருந்தும் முறுக்கிய கற்றையின் மேல் மெழுகுவர்த்தி ஓட்டும் சிகிச்சை பிரேசிலில் இன்றும் செய்யப்படுகிறது. அதோடு ஒப்பிட்டால் பொம்மை ரயில் எவ்வளவோ தேவலாம்.

சோதித்த விதம்

முடிச் சோதனையில் பாதித்தலை முறை என்று ஒன்று வழக்கம். ஒரே தலையில் நடு வகிடு எடுத்து, ஒரு பக்கம் ஒரு வழி, மறுபக்கம் இன்னொரு வழி. ஷாம்பு, தண்ணீர், வெயில், பரம்பரை எல்லாம் இரண்டு பக்கத்துக்கும் பொது என்பதால் ஒப்பிடுவது சுலபம். வலப்பக்கம் நுனி வேட்டை. இடப்பக்கம் நல்ல வெளிச்சம், வெள்ளைத் துணி, கூரான சின்னக் கத்தரி, கண். இரண்டு பக்கத்திலும் வெட்டி விழுந்ததைத் தனித்தனியாக வெள்ளைத் தாளில் சேகரித்து, எங்கள் கூடத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தோம்.

முடி நுனியை முதன்முதலில் பெரிதாக்கிப் பார்ப்பவர்களுக்கு ஒரு ஆச்சரியம் காத்திருக்கும். எல்லாப் பிளவும் ஒரே மாதிரி இல்லை. சில, இரண்டு கிளையாகப் பிரிந்தவை. சில, ஒரு பக்கம் மட்டும் இறகு மாதிரி சிலும்பியவை. சிலவற்றில் பிளவு நுனியில் ஆரம்பிக்கவே இல்லை. நடுவில் வாய் திறந்து, கீழே மறுபடி சேர்ந்திருக்கும். இன்னும் சிலவற்றில் வெள்ளைப் புள்ளி ஒன்று. வெறும் கண்ணுக்குப் பொடுகு ஒட்டிய மாதிரி இருக்கும். பெரிதாக்கினால், இரண்டு தூரிகைகளை எதிரெதிரே சொருகிய மாதிரி இழைகள் நசுங்கி விரிந்திருக்கும். அடுத்த இழுப்பில் முடி அறுவது அங்கேதான்.

கண்டது

இடப்பக்கத் தாளில் விழுந்தவை பெரும்பாலும் பிளந்த நுனிகள். வலப்பக்கத் தாளில் அப்படி இல்லை. பாதிக்கு மேல் நல்ல முடி. அவற்றில் நிறைய நுனிகள் ஊசி மாதிரி கூம்பிப் போயிருந்தன. கத்தரிக்கோலே படாத முடிக்குத்தான் அப்படிக் கூம்பிய நுனி இருக்கும். அதாவது புதிதாக முளைத்து வளர்ந்துகொண்டிருந்த முடி.

யோசித்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. தலையிலிருந்து தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. உதிர்ந்த இடத்தில் புதிது முளைக்கும். எனவே எந்த நேரத்தில் ஒரு கற்றையைப் பிடித்தாலும் அதில் எல்லா நீளத்திலும் முடி இருக்கும். முறுக்கினால் குட்டையான முடிகளின் நுனிகள்தான் வெளியே நீட்டும். அது பிளந்ததா இல்லையா என்று முறுக்குக்குத் தெரியாது. லேசருக்கும் தெரியாது. மணி அடித்ததெல்லாம் ‘இங்கே ஒரு நுனி நீட்டிக்கொண்டிருக்கிறது’ என்பதற்கு மட்டும்தான். துண்டிலிருந்து ஒட்டிய பஞ்சுக்குக்கூட ரயில் கிளம்பிப் போனது. இன்னொரு பக்கம், நடுவில் வாய் திறந்த பிளவுகளும் வெள்ளைப் புள்ளிகளும் நீட்டிக்கொள்வதே இல்லை. கருவி அவற்றைப் பார்க்காமலேயே விட்டுவிட்டது.

இதைச் சொன்னதும் அவருக்கு முகம் வாடவில்லை. “அப்போ கேமரா வைக்கலாமா அக்கா?” என்றார். வைக்கலாம். ஆனால் அடுத்து கண்டது கேமராவால் தீராத சிக்கல்.

கருவி வெட்டிய நுனிகளின் வெட்டுவாயைப் பார்த்தோம். கூரான கத்தரி வெட்டிய இடம் கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கும். ட்ரிம்மர் வெட்டிய இடத்தில் செதில்கள் கிழிந்து, ஓரம் பிசிறடித்திருந்தது. அதன் பல் மழுங்கியிருந்ததும் ஒரு காரணம், ஆடுகிற நுனியைச் சாய்வாக வெட்டியதும் ஒரு காரணம். சாய்வாக வெட்டிய நுனியில் செதிலின் பாதுகாப்பு இல்லாத உள்பகுதி அதிகம் திறந்து கிடக்கும். பிளவை வெட்டிய கையோடு அடுத்த பிளவுக்கு வாசல் வைத்த மாதிரி.

அதைவிட மோசம், முறுக்கைப் பிரிப்பது. மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும்போது கற்றை ஒழுங்காகப் பிரியவில்லை. நுனிகள் ஒன்றில் ஒன்று மாட்டிச் சிக்கு விழுந்தது. ஒவ்வொரு கற்றைக்குப் பிறகும் சீப்பால் சிக்கெடுக்க வேண்டியிருந்தது. அவசரத்தில் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. சில வாரம் கழித்துப் பார்த்தபோது வலப்பக்க நுனிகளில் புதுப் பிளவுகள், இடப்பக்கத்தைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி அதிகமாக இருந்தன.

ஏன்

சாதாரண இழுவைச் சோதனையில், முடியின் இரு முனையையும் பிடித்து நேராக இழுப்போம். முடி நீளும், ஒரு கட்டத்தில் அறுந்துபோகும். ஒற்றை முடி 50 முதல் 100 கிராம் எடைவரை தாங்கும் என்று தெரியவரும். நுனி ஏன் பிளக்கிறது என்பதற்கு அதில் பெரிதாகப் பதில் கிடைக்காது.

டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் டேவிட் டெய்லரும் அவருடன் பணியாற்றியவர்களும் இதற்காகவே ஒரு இயந்திரம் செய்தார்கள். ஆய்வு 2024-இல் வெளியானது. ஒரு முடியை வளையமாக்கி, இன்னொரு முடி வளையத்துக்குள் கோத்து, திரும்பத் திரும்ப அசைப்பார்கள். சீவும்போது சிக்குக்குள் நடப்பதன் சின்ன வடிவம். அடிக்கடி பிளக்கும் தலையின் முடியும் அவ்வளவாகப் பிளக்காத தலையின் முடியும் இந்த இயந்திரத்தில் வேறுவேறாக நடந்துகொண்டன. முதல் வகையில் நீளப் பிளவுகள் அதிகம். காரணம் எளிமையானதுதான். ஒரு முடி இன்னொன்றின்மேல் கூர்மையாக வளைந்து ஓடும்போது, அதன் உள்ளே நீளவாக்கில் உரசல் விசை உருவாகிறது. செல்கள் ஒன்றையொன்று நழுவத் தள்ளும் விசை. ஒருமுறை போதாது, மறுபடி மறுபடி நடந்தால் விரிசல் ஓடும். சோதனைக்கூடங்களில் பிளந்த முடி தேவைப்படும்போதும் இப்படித்தான் தயார் செய்கிறார்கள். சக்கரத்தில் சீப்புகளைப் பொருத்தி, கற்றையை ஆயிரக்கணக்கான தடவை சீவ விட்டால் போதும்.

இப்போது நுனி வேட்டையைத் திரும்பப் பாருங்கள். முறுக்குகிறது, எதிர்த்திசையில் சுழற்றிச் சிக்கு உண்டாக்குகிறது, அந்தச் சிக்கை இழுக்க வைக்கிறது. பிளவை வேட்டையாடப் போன கருவி, பிளவு செய்யும் இயந்திரத்துக்கு மிக நெருங்கிய சொந்தம். மலிவான மோட்டார் என்பதோ சுமாரான வேலைப்பாடு என்பதோ இதற்குக் காரணம் இல்லை. விலை உயர்ந்த பாகங்களைப் போட்டாலும் அடிப்படை இதுவேதான். என் கணிப்பில் இந்த ஆய்வின் முக்கியமான முடிவு இது: பிளந்த நுனியைத் தேடிப் பிடிப்பது எளிதான பாதி. பிடிப்பதற்காக முடியை எப்படிக் கையாளுகிறோம் என்பதில்தான் ஆதாயமும் நஷ்டமும் இருக்கிறது.

இரண்டாம் வடிவம்

ரயில் ஓய்வு பெற்றது. லேசரும் மோட்டாரும் வேறு விளையாட்டுக்குப் போய்விட்டன. வெட்டும் வேலை கண்ணுக்கும் கத்தரிக்கும் திரும்பியது. கறுத்த முடிக்கு வெள்ளைத் துணி, வெளுத்த முடிக்குக் கறுப்புத் துணி, பக்கவாட்டிலிருந்து வெளிச்சம். பிளவு முடிகிற இடத்துக்குச் சற்று மேலே, செங்குத்தாக ஒரு வெட்டு. பிளவுக்குள்ளேயே வெட்டினால் மிச்சமிருக்கும் விரிசல் மேலே ஏறும்.

ஆனால் மணியை விட அவருக்கு மனமில்லை. “மணி மட்டும் இருக்கட்டுமே” என்று கெஞ்சினார். சரி, மணி எங்கே பயன்படும் என்று இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். நுனியில் மணி அடிக்கும்போது எல்லாம் நடந்து முடிந்திருக்கும். பிளவு பிறக்கும் இடம் சிக்கு. அப்படியானால் மணி சீப்பில் இருக்க வேண்டும்.

அகலப் பல் சீப்பு ஒன்றின் கைப்பிடியை அறுத்து, நடுவில் பேனா ஸ்பிரிங் ஒன்றை வைத்தார். லேசாகச் சீவினால் ஒன்றும் ஆகாது. சிக்கில் மாட்டி இழுவை கூடினால் ஸ்பிரிங் நீளும், நீண்டால் அதே பித்தளை மணி அடிக்கும். அடித்தால் நிறுத்த வேண்டும். சீப்பை வெளியே எடுத்து, நுனிக்குப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே போக வேண்டும். மேலிருந்து இழுத்தால் வழியில் இருக்கும் சிக்கெல்லாம் ஒரே இடத்தில் குவிந்து இறுகும். கீழிருந்து எடுத்தால் ஒவ்வொன்றும் தனியாக அவிழும். எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். அவசரமாகக் கிளம்பும்போது மறந்துபோகிற விஷயமும்கூட. சங்கடமான நேரத்தில் மறக்க விடாமல் செய்வதுதான் மணியின் வேலை.

முதல் நாட்களில் மணி ஓயாமல் அடித்தது. எரிச்சலில் ஒருமுறை அதன் நாக்கைப் பஞ்சால் கட்டியதாகச் சொன்னார். போகப் போகச் சத்தம் குறைந்தது. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டு, சின்ன எடைகளைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். தளரவில்லை. கைதான் மாறியிருந்தது.

இதன் பலனை அளந்தோமா? ஓரளவுக்கு. இரண்டு பக்கத்திலும் பிளந்த நுனிகளை வெட்டிச் சமமாக்கிவிட்டு, ஒரு பக்கம் மணிச் சீப்பு, மறுபக்கம் அதே மாதிரி மணியில்லாச் சீப்பு. சீவும்போது தோளில் வெள்ளைத் துண்டு போட்டு, விழுந்த துணுக்குகளைச் சேர்த்தோம். வேரோடு வந்த முடியைக் கணக்கில் எடுக்கவில்லை. அது இயல்பாக உதிர்வது, ஒரு முனையில் வெள்ளைக் குமிழ் இருக்கும். குமிழ் இல்லாத குட்டைத் துணுக்குதான் அறுந்த முடி. மணிப் பக்கத்தில் அது குறைவு. நுனியில் புதுப் பிளவும் குறைவாகவே தெரிந்தது.

இதை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்லிவிட முடியாது. ஒரே ஒரு தலை. எந்தப் பக்கம் மணி என்று சீவியவருக்கும் தெரியும், எண்ணிய எனக்கும் தெரியும். மணிப் பக்கம் கற்றுக்கொண்ட பொறுமை மறுபக்கத்துக்கும் பரவியிருக்கும். ஒரே கை, ஒரே பழக்கம். அது வித்தியாசத்தைக் குறைத்துக் காட்டியிருக்கலாம். நாங்கள் எண்ணியதில் எங்கள் ஆசை கலந்து கூட்டிக் காட்டியிருக்கவும் கூடும். அடுத்த சுற்றில் துணுக்குகளை மூன்றாவது ஆள் ஒருவர், பக்கம் தெரியாமல் எண்ணப் போகிறார். வேறு வகை முடியும் வேண்டும். சுருட்டை முடியில் வளைவுகள் அதிகம், சிக்கும் அதிகம். அங்கே மணி அடிக்கும் அளவை வேறு மாதிரி வைக்க வேண்டியிருக்கும்.

ஈர முடிக்கு இப்போதே ஒரு மாற்றம் செய்தாயிற்று. நனைந்த முடி சுலபமாக நீளும், குறைந்த விசையிலேயே அறும். காய்ந்த முடிக்கு வைத்த ஸ்பிரிங் அப்போது காலதாமதமாகத்தான் மணி அடிக்கிறது. எனவே கைப்பிடியில் இன்னொரு மெல்லிய ஸ்பிரிங்குக்கும் இடம் விட்டிருக்கிறார். குளித்த கையோடு சீவுவதானால் அதை மாட்டிக்கொள்ள வேண்டும், கண்டிஷனர் இருக்கும்போதே சிக்கெடுத்துவிட்டால் அதற்கும் வேலை இராது. ரயில் விசிலையும் இந்தச் சீப்பில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.